பொது வடிகால் செலவை எந்த அடிப்படையில் பங்கிடுவது?

அனைவருக்கும் வணக்கம். ஒரே சரிவில் அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் நாங்கள் 14 பேர் சேர்ந்து, சுமார் 1 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொது வடிகால் வாய்க்கால் வெட்டத் தீர்மானித்திருக்கிறோம். ஆனால் செலவுப் பங்கீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

கடைக்கோடியில் இருக்கும் என் நிலத்தில், மழை ஓய்ந்து 4 நாளான பிறகும் ஒரு முழம் தோண்டினால் குழியில் நீர் ஊறி நிற்கிறது. பிடுங்கிப் பார்த்த செடிகளின் வேர் கறுத்து, அழுகல் நாற்றம் வீசுகிறது. மேட்டு நிலத்தாரோ, தங்களிடம் நீர் தேங்குவதில்லை என்பதால் பணம் தர வேண்டியதில்லை என்கிறார்கள். அவர்கள் நிலத்திலிருந்து வழிந்து வரும் நீருக்கும் சேர்த்துத்தான் வாய்க்காலின் கீழ்ப்பகுதியை அகலமாக வெட்ட வேண்டியிருக்கிறது என்பதால், அந்த வாதம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்காகப் பரப்பளவை மட்டும் வைத்துப் பிரிப்பதும் சரியல்ல. எல்லோருக்கும் பயன் ஒன்றல்லவே.

வெட்டுக்கூலியைப் பயனுக்கேற்பவும், ஆண்டுதோறும் தூர்வாரும் செலவை வடியும் நீருக்கேற்பவும் பிரித்த அனுபவம் உள்ளவர்கள், அதை எப்படிக் கணக்கிட்டு எழுத்தில் பதிவு செய்தீர்கள் என்று தயவுசெய்து விளக்குங்கள். எங்களுக்குக் கிடைக்கும் சரிவு 1,000 மீட்டருக்கு 1 மீட்டர்தான். வெள்ளக் காலத்தில், வாய்க்கால் போய்ச் சேரும் ஓடையின் மட்டம் உயர்ந்து, நீர் வாய்க்காலுக்குள் எதிரேறாமல் தடுக்கும் வழியையும் அறிய விரும்புகிறேன்.