மறு: ‘கும்பி’ துணிக்குத் தமிழ்ச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவின் பழைய இன்கா பேரரசின் நெசவு பற்றிய கட்டுரையின் சொற்பட்டியலில், அங்கே நெய்த மிக உயர்ந்த துணியான ‘கும்பி’யை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. ‘கும்பி கூழுக்கு அழுகிறது’ என்று கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது வயிறு. அரசன் உடுத்திய, தெய்வத்துக்குத் தீயில் படைத்த துணிக்கு அந்தப் பெயர் ஒட்டாது. இந்த நெசவின் ஆங்கிலப் பெயரான ‘டேப்பஸ்ட்ரி’யை வைத்துத் ‘திரைச்சீலை நெசவு’ என்றால் சன்னலில் தொங்குவதுதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: முழுக்கோர்வை.

காஞ்சிபுரம் தறியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். சேலையின் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை, அதாவது ஊடையை, ஓட்டும் கருவி), இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு நாடா. அரக்குக் கரையின் ஊடையும் பச்சை உடலின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடும். அதுதான் கோர்வை. கும்பியிலும் இதே வேலைதான், ஆனால் கரையோடு நிற்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கட்டத்தில் நாலைந்து நிறம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஊடை, நிறம் மாறும் எல்லையெல்லாம் கோர்வை. மிக நேர்த்தியான அங்கிகளில் ஒரு சென்டிமீட்டருக்குள் நூறு ஊடை வரை அடித்து இறுக்கியிருக்கிறார்கள், அதுவும் அல்பாக்கா என்ற மலைவிலங்கின் மயிரில் நூற்ற இழை! முனைகள் உள்ளே மறைந்துவிடுவதால் எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று சொல்லவே முடியாது. நம் நெசவாளிகளிடம் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் செய்ய வேண்டும்? ‘முழு’ என்ற அடை போதும்.

‘அவஸ்கா’வுக்கு ‘வீட்டுநெசவு’ சரி. அரசு கொடுத்த கம்பளியில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் உழைப்பு வரியாக நெய்து கொடுத்த சாதாத் துணி அது.

அப்புறம் ‘அக்லகுனா’, அரசுக்காகத் தெரிந்தெடுத்துத் தனி மதிலுக்குள் வைத்திருந்த பெண்கள். ‘சூரியக் கன்னியர்’ வேண்டாம், அது ஸ்பானியர் தங்கள் கன்னிமடத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. பெருவிலுள்ள இன்கா நகரமான வானுக்கோ பம்பாவில், இவர்கள் இருந்த, ஒரே வாசல் கொண்ட மதிலுக்குள் சுமார் 50 கட்டடங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. உள்ளே கிடைத்தவை நூற்புக் கருவிகள், நெசவுக் கருவிகள், மக்காச்சோளக் கள் காய்ச்சிய பெரிய சாடிகள். அது வேலை நடந்த இடம். ‘தேவதாசி’யும் பொருந்தாது. இவர்களில் பலரை அரசன் பிரபுக்களுக்கு மனைவியாகக் கொடுத்திருக்கிறான்.

இன்காக்களின் மொழியான கெச்சுவாவில் ‘அக்ல’ என்றால் தெரிந்தெடுத்தது. அதனால் ‘தெரிவையர்’ என்று ஒருவர் சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் இடிக்கிறது. பெண்களுக்கு நாம் சொல்லும் ஏழு பருவத்தில் தெரிவை 25 வயதைத் தாண்டியவள். இன்கா அரசனின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தது 8, 10 வயதுச் சிறுமிகளை, நம் கணக்கில் பெதும்பைகளை. தாயை விட்டு வந்த குழந்தைக்குப் பெரியவளின் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘தெரிமகளிர்’ என்று வைத்தால் தெரிந்தெடுத்ததும் நிற்கும், வயதும் குழம்பாது.

ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: முழுக்கோர்வையைத் தெரிமகளிர் மட்டும் நெய்யவில்லை, ‘கும்பிகமாயோக்’ என்ற ஆண்களும் நெய்தார்கள். துணியின் பெயரில் பெண்பால் ஒட்டக்கூடாது.

மிச்சம் இருப்பது ‘மாமகுனா’, சிறுமிகளுக்கு நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொடுத்த மூத்த பெண்கள். அங்கே ‘மாமா’ என்றால் தாய், தமிழில் அப்படியே விட முடியாது. ‘ஆசிரியத்தாய்’ என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் கனமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.