வென்ட் பைப்பைச் சுற்றி மட்டும் மழைக்கு ஒழுகுகிறது

கேள்வி – மேல்மாடி:
கழிவறைக்கு நேர் மேலே, மொட்டைமாடித் தளத்தின் வழியாக நாலு அங்குல பிவிசி வென்ட் பைப் போகிறது. மழை பெய்தால் கீழே கூரையில் பைப்பைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பூக்கிறது. கொத்தனார் சிமெண்ட் வைத்துப் பூசினார், வெயில் வந்ததும் அதே இடத்தில் விரிசல். பேசாமல் பைப்பைத் தளமட்டத்துக்கு அறுத்து மூடிவிடலாமா?

பதில் – குழாய்வேலை:
அறுக்கிற பேச்சே வேண்டாம். ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர் கீழே இறங்க, பின்னால் காற்று வர வேண்டும். அந்தக் காற்று வருகிற வழி இதுதான். மூடினால், இறங்குகிற தண்ணீர் தரை ட்ராப்பில் (சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் நிற்கிற தரை வடிகால் வளைவு) இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும், அப்புறம் வீடெல்லாம் சாக்கடை நாற்றம்.

முதலில் ஒன்று பாருங்கள். மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் கோளாறு பைப்பின் இணைப்பில், தளத்தில் இல்லை. மழைக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்கிற இடம்தான்.

சிமெண்ட் ஏன் நிற்கவில்லை? வெயிலில் பிவிசி, காங்கிரீட்டைப் போல ஐந்தாறு மடங்கு நீளும், இரவில் சுருங்கும். போதாததற்கு அதன் வழவழப்பில் சிமெண்ட் ஒட்டவே ஒட்டாது. எத்தனை முறை பூசினாலும் விரிசல் விடும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வேண்டியது இழுத்தால் நீள்கிற பொருள்.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, பைப்பைச் சுற்றி விரல் அகலத்துக்குக் காடி வெட்டுங்கள். தூசி துளியும் இருக்கக் கூடாது. பைப்பின் அடிப்பகுதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, நன்றாகக் காய்ந்த பிறகு பாலியூரித்தேன் சீலண்டை அடைத்து நிரப்புங்கள். அது இறுகியதும் நீர்த்தடுப்புப் பூச்சு, நடுவில் ஃபைபர் வலை, அதன்மேல் இன்னொரு பூச்சு. வலை பைப்பின்மேல் அரை அடி ஏற வேண்டும், தளத்தில் ஒரு அடி பரவ வேண்டும். பலர் தளத்தில் மட்டும் தடவிவிட்டு பைப்பின்மேல் ஏற்றுவதில்லை. தண்ணீர் இறங்குவதே அந்த விளிம்பில்தான். பைப் பக்கம் தண்ணீர் தேங்கினால் தளத்தின் வாட்டத்தையும் (தண்ணீர் ஓடுகிற சரிவு) சரி செய்யுங்கள்.

பதில் – தச்சன்பேட்டை:
மேல் வாயையும் கவனியுங்கள். மழைமூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். கொசுவுக்கு நைலான் வலை கட்டலாம், ஆனால் கண் அடைகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பைப் வெளிறி, தொட்டால் கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது வெயில் தின்றது. தண்ணீரில் கரைக்கிற வெளிப்புற வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். தின்னர் கலக்கிற பெயிண்ட் பிவிசிக்கு ஆகாது.

கேள்வி – மேல்மாடி:
வீட்டில் சிலிக்கான் ஒரு டியூப் மீதி இருக்கிறது. அதையே அடைத்தால் போதாதா?

பதில் – குழாய்வேலை:
போதாது. சிலிக்கான்மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது, தூசி படிந்த காங்கிரீட்டில் அதுவும் உரிந்து வரும். அதைக் கண்ணாடி அலமாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பூச்சு நன்றாகக் காய்ந்ததும் பைப்பைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் கழித்துக் கீழே கூரையைத் தொட்டுப் பாருங்கள். மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.