மறு: 'மலிவு வீடு' என்றே வைத்துவிடலாமா? (உள்ளாட்சி வீட்டுவசதிச் சொற்கள்)

அன்பர்களுக்கு வணக்கம். வீட்டுவசதித் துறையின் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'அஃபோர்டபிள் ஹவுசிங்' என்பதற்கு 'மலிவு வீடு' போதும். படித்த உடனே எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. மலிவுத் துணி, மலிவுப் பதிப்பு என்னும்போது வாங்குகிறவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இங்கோ கேள்வியே அதுதான். அமெரிக்க உள்ளாட்சிகளில் புழங்கும் கணக்கு, வீட்டுச் செலவு குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. யாருடைய வருமானம் என்பதையும் விதியிலேயே எழுதிவிடுவார்கள்: வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதி கீழே) 50 விழுக்காடு, 80 விழுக்காடு என்று. ஒரே வீடு, ஒரே வாடகை. ஒரு குடும்பத்துக்கு அடங்கும், பக்கத்துக் குடும்பத்துக்கு அடங்காது.

"அந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது" என்று அன்றாடம் சொல்கிறோமே, அதற்குள் இந்தக் கணக்கு முழுதும் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளிலும் 'கட்டுப்படியான விலை' ஏற்கெனவே பழகிய தொடர். அதைச் சுருக்கிக் கட்டுப்படி வீடு, துறையைச் சொல்லும்போது கட்டுப்படி வீட்டுவசதி என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

> விற்கிறவரும்தானே "இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது" என்கிறார்? குழப்பம் வராதா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. ஆனால் இந்தத் துறையில் அந்த இரட்டைப் பொருள் வசதியாகத்தான் அமைகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாண்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1974-இல் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். பெரிய குடியிருப்பு கட்டுபவர் வீடுகளில் ஒரு பங்கை நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும். பதிலுக்கு அதே நிலத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வீடுகள் கட்டிக்கொள்ளலாம். வாங்குபவருக்குக் கட்டுப்படியாக வேண்டும், கட்டுபவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். பின்னதைக் கவனிக்காமல் விதி போட்டால் கட்டுவதே நின்றுபோகும்.

இந்த ஏற்பாட்டை, அதாவது 'இன்க்ளூஷனரி சோனிங்'கை, 'உள்ளடக்கு மண்டலமாக்கம்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அதைப் படித்து யாராலும் எதையும் ஊகிக்க முடியாது. கட்டுப்படிப் பங்கு விதி என்றால் என்ன நடக்கிறதென்று தெரிந்துவிடும். கட்டுபவருக்கு ஈடாகத் தரும் கூடுதல் வீடுகளுக்கான அனுமதியை அடர்த்திச் சலுகை எனலாம்.

> 'பிரிசர்வேஷன்' = பாதுகாப்பு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இதில்தான் நிறைய இருக்கிறது. 'வீட்டுப் பாதுகாப்பு' என்றால் பூட்டும் காவலாளியும் நினைவுக்கு வரும். 'கட்டடப் பாதுகாப்பு' என்றால் பழைய அரண்மனை. இங்கே கட்டடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதிய கெடு முடிகிறது, மறுநாள் உரிமையாளர் சந்தை விலைக்கு விற்கலாம், அவ்வளவுதான். மாண்ட்கோமரியில் தொடக்க கால விற்பனை வீடுகளுக்குக் கெடு வெறும் 5 ஆண்டு. எத்தனையோ வீடுகள் அப்படியே கைநழுவிப் போன பிறகு, 2005-இல்தான் 30 ஆண்டாக நீட்டினார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டுபவர்களுக்கென 1986-இல் வந்த கூட்டாட்சி வரிச்சலுகைத் திட்டமும் முதலில் 15 ஆண்டுதான் கேட்டது. பிறகு குறைந்தது 30 என்றாயிற்று. ஆகவே இந்தக் கெடுவுக்குக் கட்டுப்படிக் காலம், அது தீராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தக்கவைப்பு. நகராட்சி புதிதாகக் கட்டுவதைப் படம்பிடிக்க ஆள் வரும், தக்கவைப்புக்கு வராது. சொல்லாவது தனியாக இருக்கட்டும்.

கெடுவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரம் 1984-இல் துணைநின்று தொடங்கிய 'கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்'. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கும், வீடு மட்டும் குடும்பத்துக்கு. விற்கும்போது ஏறிய மதிப்பில் 25 விழுக்காடு விற்பவருக்கு. 40,000 டாலர் ஏறியிருந்தால் அவர் கைக்கு 10,000. மீதி வீட்டிலேயே நின்றுவிடுவதால் அடுத்து வருபவருக்கும் விலை கட்டுப்படியாகிறது. இதற்குச் சமூக நில அறக்கட்டளை என்ற பெயரை மாற்ற வேண்டாம். ஏறிய மதிப்பைப் பிரிக்கும் இந்தக் கணக்குக்கு மறுவிற்பனை வாய்பாடு என்பது மட்டும் பட்டியலில் சேரட்டும்.

இவ்வளவு சொன்னதால் 'மலிவு வீடு' வேண்டாம் என்று பொருளல்ல ஐயா. எந்த மானியமும் விதியும் இல்லாமல், பழசாகிப்போனதால் மட்டுமே வாடகை குறைவாக இருக்கும் அடுக்ககங்கள் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நீளமாக 'நேச்சுரலி ஆக்கரிங்' என்று தொடங்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யாராவது வாங்கிச் சுண்ணாம்படித்து வாடகையை ஏற்றும்வரை அவை மலிவு. அதன் பிறகு இல்லை. அந்த வகைக்கு உங்கள் சொல்லையே ஒதுக்கிவைக்கலாம் என்று தோன்றுகிறது. ஒப்புக்கொள்வீர்களா?

'பங்கு விதி'யில் பங்குச் சந்தை வாடை அடிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். 'ஒதுக்கீட்டு விதி' எனலாம்தான்; அதற்கு வேறு பொருள் ஆழமாகப் பதிந்துவிட்டது. மாற்று இருந்தால் எழுதுங்கள்.