நான் கதவைச் சாத்தினாலே செம்பி ஊளையிடுகிறாள், என்ன செய்யலாம்?

வேளச்சேரி ராஜி:
வணக்கம். செம்பி எங்கள் வீட்டு நாட்டு நாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது எங்கள் மாடிப்படியில் நடுங்கிக்கொண்டு ஒதுங்கியவள். அப்போது சின்னக் குட்டி. நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் அன்றிலிருந்து அரைநாள்கூட அவள் தனியாக இருந்ததில்லை. இந்த ஜூனிலிருந்து வாரம் மூன்று நாள் ஆபீஸ். காலை எட்டேகாலுக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

இரண்டாம் நாளே கீழ்வீட்டு அக்கா அவள் ஊளையைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முழுதாகக் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசற்கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல், ஒரு நகம் பிளந்து தரையெல்லாம் ரத்தப் பொட்டு. கதவருகே மூத்திரமும் எச்சிலுமாக ஈரம். காலையில் வைத்த கோழிச்சோறு அப்படியே இருந்தது, நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் தின்றாள். இப்போதெல்லாம் ஸ்கூட்டி சாவியை எடுத்தாலே நாக்கைத் தள்ளி இரைக்கத் தொடங்கிவிடுகிறாள்.

ஒருநாள் அசதியில் அதட்டிவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அது இன்னும் உறுத்துகிறது. கூண்டில் அடைத்தால் பழகிவிடும் என்கிறார்கள், இன்னொரு நாய் வளர்க்கச் சொல்கிறார்கள். அசோசியேஷன் கடிதமும் வந்துவிட்டது. அவளை யாரிடமும் கொடுக்க மாட்டேன். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் தேவி:
ராஜி கண்ணு, அதட்டியதை நினைத்து மருகாதீங்க, ஆனால் இனி வேண்டாம். எங்கள் அப்பா தவறிய பிறகு அவருடைய நாய்க்கு இதே நிலைமைதான். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

முதலில் பழைய போனை வீடியோவில் வைத்துவிட்டு வெளியே நின்று பாருங்கள். எத்தனையாவது நொடியில் அவள் கலங்குகிறாள்? எங்களவனுக்கு இருபது நொடி. அந்த இருபது வருவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அதுதான் மொத்த வித்தையும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வெங்காயம் உரிப்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன். சாவி என்றால் பிரிவு என்ற கணக்கு அவன் மனதில் குலைய இரண்டு வாரம் பிடித்தது. அப்புறம்தான் கதவு. பத்து நொடி, பதினைந்து நொடி, மறுபடி எட்டு நொடி என்று மாற்றி மாற்றி.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் அமைதியாக இருந்தானே என்று ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் போய்விட்டேன். மறுநாள் ஐந்து நொடிகூடத் தாங்கவில்லை, எல்லாம் முதலிலிருந்து. ஆகவே பழக்கி முடிக்கும்வரை அவளைத் தனியே விடாதீர்கள். ஆபீஸ் நாட்களில் யாராவது கூட இருந்தே ஆக வேண்டும். கீழ்வீட்டு அக்காவையே கேட்டுப் பாருங்களேன்? ஊளையைப் பதிவு செய்து அனுப்பியவர் பாதி அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்.

மதுரை கால்நடை மருத்துவர்:
சோற்றைத் தொடாதது முக்கியமான அடையாளம். பயம் முற்றிய நாய்க்குப் பசி தெரியாது. மூத்திரம் போவதும் பழிவாங்க அல்ல. இருந்தாலும் சிறுநீர்த் தொற்று இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூண்டு கூடவே கூடாது. கம்பியைக் கடித்துப் பல் உடைந்து வந்த நாய்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாயும் பெரும்பாலும் உதவாது, இவள் தேடுவது உங்களை.

நகம் பிளக்கும் அளவுக்குப் போய்விட்டதால் மருந்தையும் யோசிக்கலாம். ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையை நாய்களைத் தனியே விட்டால் வரும் இந்தப் பிரிவுப் பதற்றக் கோளாறுக்கென்றே அமெரிக்காவில் 2007-ல் அனுமதித்தார்கள். தினமும் கொடுக்க வேண்டும், பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். பயிற்சியோடு சேர்ந்தால்தான் பயன். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தானே. அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் விளக்குவதைவிட உதவும்.

அண்ணாநகர் மூன்றாவது மாடி:
கடிதத்துக்குப் பயப்பட வேண்டாம். குரைப்பதைக் காரணம் காட்டி நாயை வெளியேற்றச் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதை இணைத்து, சிகிச்சை தொடங்கிவிட்டதையும் எழுதிக் கொடுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

வேளச்சேரி ராஜி:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தேவி அக்கா சொன்னது சரி. கீழ்வீட்டு அக்காவைக் கேட்டதும் 'இதை முதலிலேயே சொல்லக்கூடாதா' என்றார். ஆபீஸ் நாட்களில் செம்பி அங்கேதான், அவர் சீரியல் பார்க்கும்போது காலடியில் படுத்துக்கொள்கிறாளாம். சிறுநீரில் தொற்று இல்லை. மாத்திரை தொடங்கி இன்றோடு இருபத்தாறு நாள். முதல் வாரம் சாப்பாடு குறைந்தது, இப்போது பரவாயில்லை.

வீடியோவில் அவளுடைய கணக்கு பதினொரு நொடியாக இருந்தது. நேற்று நான்கு நிமிடம் இருபது நொடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கதவை முகர்ந்தாள், அப்புறம் பாயில் போய்ப் படுத்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது. நாளைக்கு ஆறு நிமிடம் போகலாமா அக்கா?

சிங்காநல்லூர் தேவி:
நாளைக்கு இரண்டு நிமிடம் போதும் கண்ணு. ஆறு நிமிடம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.