சுகர், பிரஷர், கிட்னி மூன்றும் உள்ளவர்களின் மாத்திரைப் பை: பார்த்ததைப் பகிருங்கள்

மருந்தாளுநர்:
சுகருக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முட்டிவலிக்கு இன்னொருவர் என்று போகிறவர்களிடம் சீட்டை மட்டும் கேட்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரே பையில் அள்ளிவரச் சொல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் எந்தச் சீட்டிலும் இருக்காது. அட்டையில் பிராண்டு பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரு சீட்டில் டெல்மிசார்டான் 40 என்ற பிரஷர் மாத்திரை தனியாக இருக்கும். இன்னொன்றில் அதுவே அம்லோடிபின் என்ற வேறொரு பிரஷர் மாத்திரையோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். இரண்டையும் போடுகிறவர் 80 மி.கி. எடுக்கிறார், யாருக்கும் தெரியாமல்.

பையில் நான் முதலில் தேடுவது டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை. பிரஷருக்கு டெல்மிசார்டானோ எனலாப்ரிலோ, அதோடு நீர் மாத்திரையும் எடுப்பவருக்கு இது சேர்ந்தால் ஆபத்து. வலி மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும், பிரஷர் மாத்திரை வெளியேறும் குழாயைத் தளர்த்தும், நீர் மாத்திரை உடலின் நீரையே குறைக்கும். வடிகட்டத் தேவையான அழுத்தம் விழுந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் சில நாளில் ரத்தத்தில் ஏறிவிடும். முட்டிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

கிராமப்புறச் செவிலியர்:
2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபின் சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி. ஆனால் மாத்திரை தவறாமல் கிடைக்கும்போது ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகிறது. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். பழைய அளவே தொடர்ந்துகொண்டிருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது.

பிரஷரை உட்கார வைத்து மட்டும் பார்க்காதீர்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆம், 3-ஆம் நிமிடங்களில் இருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், ராத்திரி பாத்ரூம் போகையில் விழுகிறவர் இவர்தான். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்களை அவசியம் நிற்கவைத்துப் பாருங்கள்.

முதியோர் நல மருத்துவர்:
மாத்திரையின் விளைவை புது நோயாக நினைத்து இன்னொரு மாத்திரை எழுதுவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு ஃப்ரூசிமைடு என்ற நீர் மாத்திரை. அதில் பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் பிடிப்பு. பிடிப்புக்கு இன்னொன்று. புது மாத்திரை எழுதும்முன் பழையதில் எது காரணம் என்று பாருங்கள்.

வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் சுகர் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின், அதோடு டெல்மிசார்டான், நீர் மாத்திரை ஆகியவற்றை நிறுத்திவைத்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் கழித்துத் தொடரலாம். யாருக்கு எது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது.

தளர்ந்த முதியவருக்கு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 8-க்குள் இருந்தாலே போதும். 6.5-க்குக் கொண்டுவர கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைக் கூட்டினால் தாழ்சர்க்கரைதான் மிஞ்சும். கிட்னி பழுதானவர் உடலில் அந்த மாத்திரை நெடுநேரம் தங்கும்.

மருந்தாளுநர்:
ஒன்று விட்டுப்போயிற்று. 'குறைந்த சோடியம்' உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி பழுதோடு டெல்மிசார்டான் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை எடுப்பவருக்கு இதனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறலாம்; அவர்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்.