புதுப்பிப்பு: மகளின் ஜூனியர் ஆண்டு முடிந்தது

நியூஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் வேதியியலில் தடுமாறுகிறாள், கூடவே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும் எழுத வேண்டுமா என்று பிப்ரவரியில் இங்கே கேட்டிருந்தேன். தள்ளிப் போடச் சொன்னீர்கள். தள்ளிப் போட்டோம், ஆகஸ்டில் எழுதுகிறாள். வேதியியலில் பி பிளஸ். அவள் பட்ட பாட்டுக்கு அது பெரிய விஷயம்.

விடுமுறைக்கு முன்பே அந்த வேதியியல் ஆசிரியரிடமே போய் சிபாரிசுக் கடிதம் கேட்டாள். "நீ தினமும் மதியம் வந்து சந்தேகம் கேட்டதைத்தான் எழுதுவேன்" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்தவளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது காமன் ஆப், அதாவது பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளம். புதிய படிவம் ஆகஸ்ட் 1-ல் திறக்கும். வகுப்புக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்துதான். அப்பத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதை எழுதச் சொன்னேன். "அதெல்லாம் கணக்கா அம்மா?" என்றாள். குடும்பப் பொறுப்புக்கென்றே அதில் தனிப் பிரிவு இருக்கிறது! நம் பிள்ளைகள் இதை விட்டுவிடக் கூடாது.

அதே படிவத்தில் 650 சொல்லுக்குள் எழுத வேண்டிய கட்டுரையை இன்னும் தொடங்கவில்லை. ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் போட்டு இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், செலவுக் கணக்குப் பார்த்த பிறகுதான் அந்த முடிவு. அப்புறம் மீண்டும் எழுதுகிறேன்.