‘கனெக்ரர்’ என்பதற்கு ஒரே சொல் போதாது: ‘பட்டிக் கவ்வி’ குறித்து ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

சமையலறை அலுமாரிகளின் அடிப்புறத்தில் ஒளிப்பட்டிகளை (சிறு எல்.ஈ.டி. விளக்குகள் வரிசையாகப் பதித்த மெல்லிய பட்டிகளை) தாமே பொருத்திக்கொள்ள விரும்புவோருக்காக நாம் தொகுத்துவரும் கையேட்டில், ‘கனெக்ரர்’ வரும் எல்லா இடங்களிலும் ‘இணைப்பி’ என்று எழுதிவிடலாம் என நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். ‘இணைப்பி’ பிழையான சொல் அன்று. ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே விளங்கும். இனப்பெயராக அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் அதன் கீழ் வரும் ஒவ்வொரு வகைக்கும் அதையே இட்டால், படிப்பவர் பொருந்தாத பொருளை வாங்கிப் பொருந்தாத இடத்தில் மாட்டிவிடுவார் என்று அஞ்சுகிறேன். எங்கள் வீட்டுக் குசினியிலேயே அது நடந்தது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு மின்பொருள் கடையில் ‘ஒளிப்பட்டிக்குக் கனெக்ரர்’ என்று கேட்டபோது, கடைக்காரர் நான்கு பொருள்களை மேசையில் வைத்தார். திருகாணியால் கம்பியை இறுக்கும் பிளாஸ்ரிக் கட்டை ஒன்று. வட்டச் செருகியும் அதைச் செருகும் குதையும் ஒரு சோடி. சிறு நெம்பைத் தூக்கிக் கம்பியை நுழைக்கும் வகை ஒன்று. பட்டியின் நுனியை உள்ளே வைத்து மூடியை அழுத்தி மூடும் வகை இன்னொன்று. நான்குக்கும் அவரிடம் ஒரே பெயர்தான் இருந்தது. பற்றாசு (சோல்டர்) பிடிக்கத் தெரியாதவன் என்பதால் இலகுவாகத் தோன்றிய கடைசி வகையை வாங்கி, அலுமாரி வரிசை மூலையில் திரும்பும் இடத்தில், அடுப்புக்கு அண்மையில் பொருத்தினேன். சில மாதங்களில் மூலைக்கு அப்பாலிருந்த பகுதி மினுங்கத் தொடங்கி, பின்னர் முற்றாக அணைந்தது. திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. என்னுடைய பட்டி 8 மில்லிமீற்றர் அகலமானது. நான் வாங்கியதோ 10 மில்லிமீற்றர்ப் பட்டிக்கு உரியது. பட்டி உள்ளே பக்கவாட்டில் அசைந்து, உலோகப் பல் செப்பின் ஓரத்தை மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. நாளாந்தம் புட்டும் இடியப்பமும் அவியும் நீராவியும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, அந்தச் செப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

அந்தப் பொருள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அதன் பெயரே சொல்லியிருந்தால், நான் அகலத்தைக் கேட்டிருப்பேன். அது பட்டியைப் பல்லால் பற்றிப் பிடிக்கிறது, அதாவது கவ்வுகிறது. ஆகவே ‘பட்டிக் கவ்வி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இதில் புதிதாக ஆக்கியது மிகக் குறைவு. பாடசாலை ஆய்வுகூடத்தில் மின்சுற்றுத் தொடுத்த எவருக்கும் ‘முதலைக் கவ்வி’ பழக்கமானது. அதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை பிறக்கிறது, அவ்வளவே. வினையடியோடு இகரம் சேர்த்துக் கருவிப் பெயர் ஆக்கும் முறையும் நமக்குப் பழகியதே: உருகுவது உருகி, செருகுவது செருகி, கடத்துவது கடத்தி, கவ்வுவது கவ்வி. நாய் கவ்வியது என்றால் தமிழ்நாட்டுக் குழந்தைக்கும் விளங்கும் என்பதால், இது ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரிய சொல்லாக நின்றுவிடாது.

‘கொழுவி’ என்ற மாற்றுச் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘சார்ஜில் கொழுவு’ என்பது இயல்பாக வருகிறது. மண்ணின் சொல் என்ற பாசமும் எனக்கு அதில் உண்டு. எனினும் கொழுவுதல் என்றால் ஒன்றில் தொங்கவிடுதல் என்ற உணர்வே முந்திக்கொண்டு வருகிறது. இறுக்கம் அதில் இல்லை. நாம் கொழுவு என்று எழுதுவதை அகராதி கொளுவு என்று தருவதும் கையேட்டுக்குத் தொல்லை. சண்டையைக் குறிக்கும் ‘கொழுவல்’ பக்கத்திலேயே நிற்பதையும் மறக்கக் கூடாது.

பட்டியின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘ஒளிநாடா’ என்று எழுத வேண்டும் என்பாரின் விருப்பம் எனக்குப் புரிகிறது. சுருளாக வரும் மெல்லிய பொருளுக்கு நாடா அழகான உவமைதான். ஆனால் ஒலிநாடாவுக்கு இணையாகக் காணொளிப் பேழைக்கு அச்சொல்லை வழங்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இலங்கைப் பாடநூல் வழக்கில் பட்டியில் பதித்த எல்.ஈ.டி.யின் பெயர் ‘ஒளிகாலும் இருவாயி’. அதை முழுமையாக முன்னால் வைத்துப் ‘பட்டி’ சேர்த்தால் வாய் நோகும். முதற்பக்கத்தில் ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, பின்னர் ‘ஒளிப்பட்டி’ என்றே எழுதலாம்.

கவ்வி கடிக்கும் இடத்துக்கும் பெயர் வேண்டும். 12 வோல்ற்றுப் பட்டியில் பொதுவாக மூன்று இருவாயிகளும் ஒரு தடையியும் தொடராகத் தொடுக்கப்பட்டு ஒரு துண்டாகின்றன. மீற்றருக்கு 60 இருவாயிகள் உள்ள பட்டியில் அத்துண்டு 5 சென்ரிமீற்றர் நீளம். துண்டுகளின் எல்லையில் வெட்டுக்கோடும், அக்கோடு நடுவே ஊடறுக்கும்படி செப்புத் தகடு வெளித்தெரியும் சிறு வட்டங்களும் இருக்கும். இந்த வட்டங்களைச் ‘செப்புப் பொட்டு’ எனலாம். பொட்டின் நடுவே வெட்டினால் இரு துண்டிலும் அரைப்பொட்டு மிஞ்சும். கவ்வியின் பல் அந்த அரைப்பொட்டின் மீதுதான் அமர வேண்டும். கோட்டுக்கு வெளியே வெட்டினால் அந்தத் துண்டு பயனற்றுப் போகும். ‘செப்புப் பொட்டின் மேல் பல் அமரும்படி பட்டியைக் கவ்வியில் நுழைக்கவும்’ என்று எழுதிப் பாருங்கள். படம் இல்லாமலே கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது.

நம் கையேட்டில் வட்டச் செருகியை, ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துப் ‘பீப்பாச் செருகி’ என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். பீப்பா என்றதும் தாரும் எண்ணெயுமே நினைவுக்கு வருகின்றன. அது உள்ளே துளையுள்ள சிறு குழல். ஆகவே ‘குழற்செருகி’, அதை ஏற்பது ‘குழற்குதை’. வெறுமனே செருகி, குதை என்று விடக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன். அச்சொற்கள் சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்சாரத்துக்கு உரியனவாக ஏற்கெனவே நிலைத்துவிட்டன; 12 வோல்ற்றுப் பக்கத்துக்கும் அதே சொல்லை வழங்கினால், ஒரு வரியைத் தவறாகப் படித்த ஒருவரின் கை சுவரை நோக்கிப் போகக்கூடும். குழற்செருகிகளில் வெளிவிட்டம் 5.5 மில்லிமீற்றர், உள்துளை 2.1 மில்லிமீற்றர் கொண்டதே இவ்வகை விளக்குகளுக்குப் பெரும்பாலும் வருகிறது. பார்வைக்கு அதே போன்ற 2.5 மில்லிமீற்றர்த் துளையுள்ளதும் உண்டு என்பதால், இரண்டு அளவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி, எந்த வகையை எந்த இடத்தில் ஆள்வது என்பது மின்னோட்டத்தைப் பொறுத்தது. மீற்றருக்கு 14.4 வாற்று எடுக்கும் பட்டி 2.5 மீற்றர் என்றால் மொத்தம் 36 வாற்று. 12 வோல்ற்றில் அது 3 அம்பியர், 24 வோல்ற்றில் 1.5 அம்பியர். ஓட்டம் பாதியானால் அதே தொடுகையில் எழும் வெப்பம் கால்வாசியாகும். பல்லின் நுனியில் மட்டும் தொடும் கவ்விக்கு இது பெரிய ஆறுதல். கம்பியிலும் இதே கணக்குத்தான். சுவர் மின்சாரத்தை 12 அல்லது 24 வோல்ற்றாக மாற்றித் தரும் வலுவழங்கியிலிருந்து 3 மீற்றர் தொலைவுக்கு 0.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பி இழுத்தால், போக வர 6 மீற்றரில் ஏறக்குறைய 0.23 ஓம் தடை. 12 வோல்ற்றுப் பட்டி 0.7 வோல்ற்றை வழியிலேயே இழக்கும், 24 வோல்ற்றுப் பட்டி அதில் பாதியை. ஆகவே கையேடு 24 வோல்ற்றையே முதலில் பரிந்துரைப்பது நல்லது. அடுப்புக்கு அண்மையில் பட்டிக் கவ்வியைத் தவிர்த்து, பற்றாசு பிடித்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடச் சொல்ல வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் வழங்கிய பற்றாசு என்ற சொல்லைப் பாடநூல்கள் காப்பாற்றித் தந்திருக்கும்போது, நாம் சோல்டர் என்று எழுதத் தேவையில்லை. 230 வோல்ற்றுப் பக்கத்து வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடம் விடுமாறு எழுதும் வரி தடித்த எழுத்தில் வரட்டும்.

நெம்பு வகைக்கு மட்டும் என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதன் உள்ளிருக்கும் வில்லும் கம்பியைக் கவ்வத்தான் செய்கிறது என்பதால் ‘நெம்புக் கவ்வி’ சரியாகவே ஒலிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நெம்புகோல் என்றே வழங்குவதால் ‘நெம்பு’ தனித்து நிற்கும்போது அங்குள்ளோருக்கு இடறுமா என்பதை அங்குள்ள நண்பர்கள் சொன்னால், அதற்கேற்ப இரண்டாம் அதிகாரத்தைத் திருத்தி அனுப்புகிறேன்.